நீட் தேர்வுக்கு அட்டவணை போடலாம் வாங்க!

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

நான் இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பழைய மாணவி. இப்போது பல் மருத்துவம் படிக்கிறேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது விலங்கியல் டீச்சரைப் பார்க்க வந்தேன். "சும்மா போகாதே. சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்துட்டுப் போ. நீட்டுக்கு டைம்டேபிள் எப்படிப் போடணும்னு பிள்ளைங்க தினமும் கேக்குது" என்றார்கள். டீச்சர் பேச்சைத் தட்ட முடியுமா? உட்கார்ந்துவிட்டேன்.

நான் நீட் இரண்டு தடவை எழுதியவள். 2024-ல் ஒரு தடவை, 2025-ல் ஒரு தடவை. முதல் தடவை போட்ட அட்டவணை பார்க்க ரொம்ப அழகு. இரண்டாம் தடவை போட்டது அசிங்கமாக இருக்கும், ஆனால் அதுதான் வேலை செய்தது. இரண்டைப் பற்றியும் சொல்கிறேன்.

முதல் அட்டவணையின் கதை

பிளஸ் டூ ஆரம்பித்த ஜூன் மாதம். சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, இயற்பியலுக்குச் சிவப்பு, வேதியியலுக்கு நீலம், உயிரியலுக்குப் பச்சை என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். காலை 4 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். இரவு 11 வரை படிப்பு. பள்ளி நேரத்தையும் சேர்த்து நாளைக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 98 மணி நேரம். சுவரில் ஒட்டி வைத்து நானே நின்று ரசித்தேன்.

மூன்றாம் நாளே கிழிந்தது. சார்ட் இல்லை, திட்டம். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலை தண்ணீர் வரும். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். குடம் தூக்குவதும் தம்பியைக் கிளப்புவதும் என் வேலை. அட்டவணையில் தண்ணீருக்குக் கட்டம் இல்லை. தம்பிக்குக் கட்டம் இல்லை. தலைவலிக்கும் கட்டம் இல்லை. ஒருநாள் விட்டதை மறுநாள் சேர்த்துப் படிக்கலாம் என்று தள்ளினேன். அது வட்டிக்கு வட்டி மாதிரி ஏறியது. ஆகஸ்டில் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

பிளஸ் ஒன் பாடத்தைப் பொதுத்தேர்வு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். 2024-ல் பொதுத்தேர்வு மார்ச் 22-ல் முடிந்தது. நீட் மே 5. நடுவில் 43 நாள். பிளஸ் ஒன் புத்தகங்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

தேர்வு அறையில் இன்னொரு கூத்து. இயற்பியலை முதலில் எடுத்தேன். ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு, "இதை விடக் கூடாது" என்று வீம்பு பிடித்ததில் நேரம் போனது தெரியவில்லை. கடைசியில் எனக்கு நன்றாகத் தெரிந்த உயிரியலில் நிறைய கேள்விகளைப் படிக்காமலேயே விட்டு வந்தேன். 720-க்கு 231. தகுதி பெற்றேன், ஆனால் தரவரிசையில் என் பெயர் எங்கேயோ பின்னால். தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்பா வேறு ஏதாவது டிகிரியில் சேரச் சொன்னார். பக்கத்து வீட்டில், "வயசுப் பிள்ளையை வீட்டுல வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்கள். அம்மாதான், "ஒரே ஒரு வருஷம். அதுக்கு மேல நானே விடமாட்டேன்" என்று அப்பாவிடம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஒரு வருஷத்தை வீணாக்கக் கூடாது என்ற பயத்தில் போட்டதுதான் இரண்டாவது அட்டவணை. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பரீட்சையைத் தெரிந்துகொள்ளுங்கள்

2025 மே 4-ல் நடந்த நீட் தேர்வின் அமைப்பு இது. (நான் முதலில் எழுதிய 2024-ல் 200 கேள்வி கொடுத்து 180-க்குப் பதில் எழுதச் சொன்னார்கள். அந்தச் சாய்ஸை 2025-ல் எடுத்துவிட்டார்கள். அதனால் நீங்கள் எழுதும் ஆண்டின் அறிவிப்பைக் கட்டாயம் படியுங்கள்.)

இயற்பியல் – 45 கேள்வி – 180 மதிப்பெண்
வேதியியல் – 45 கேள்வி – 180 மதிப்பெண்
உயிரியல் (தாவரவியல், விலங்கியல்) – 90 கேள்வி – 360 மதிப்பெண்
மொத்தம் – 180 கேள்வி – 720 மதிப்பெண் – 180 நிமிடம்

சரியான விடைக்கு 4. தப்பான விடைக்கு 1 குறையும். எழுதாமல் விட்டால் பூஜ்யம்.

இதில் பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது. கேள்விக்கு ஒரு நிமிடம் என்றாலும், உயிரியல் கேள்வி தெரிந்தால் அரை நிமிடத்தில் முடியும். அங்கே மிச்சம் பிடிக்கிற நேரம்தான் இயற்பியல் கணக்குக்கு. இரண்டாம் தடவை நான் பிரித்தது: உயிரியல் 45 நிமிடம், வேதியியல் 55, இயற்பியல் 65, மீதி 15 நிமிடம் சரிபார்க்க. உயிரியல்தான் முதலில்.

குருட்டாம்போக்கில் வட்டம் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு விடையில் இரண்டு தப்பு என்று உறுதியாகத் தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றைப் போடுகிறீர்கள். இப்படி இரண்டு கேள்விக்குச் செய்தால் சராசரியாக ஒன்று சரி, ஒன்று தப்பு. 4-லிருந்து 1 போனால் 3 லாபம். ஒன்றுமே தெரியாமல் நாலு கேள்விக்குப் போட்டால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4-லிருந்து 3 போக மிச்சம் வெறும் 1. அதிர்ஷ்டம் இல்லாத அன்றைக்கு அதுவும் இல்லை. ஆகவே இரண்டைத் தள்ள முடிந்தால் எழுதுங்கள், முடியாவிட்டால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

படி 2: உங்கள் நாளை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

இதுதான் முக்கியம். அட்டவணை போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் ஒன்றுமே மாற்றாதீர்கள். ஒரு பழைய நோட்டில், எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று மட்டும் எழுதுங்கள். பொய் எழுதாதீர்கள். போன் பார்த்தது, டி.வி. பார்த்தது, கடைக்குப் போனது எல்லாம் வரட்டும். யாருக்கும் காட்ட வேண்டாம்.

வீட்டிலிருந்து படித்த அந்த வருஷம் நான் இப்படி எழுதிப் பார்த்தேன். தண்ணீர், சமையல், சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு எடுத்த டியூஷன் எல்லாம் போக எனக்கு மிஞ்சியது 7 மணி நேரம். முதலில் அழுகை வந்தது. அப்புறம் 7 மணி நேரத்துக்கே அட்டவணை போட்டேன். முன்பு 14 என்று எழுதிவிட்டு 2 மணி நேரம்கூட உருப்படியாகப் படிக்காதவள், இப்போது 7 என்று எழுதி ஆறு, ஆறரையாவது படித்தேன்.

பள்ளிக்கு வருகிற உங்களுக்கு அவ்வளவு கிடைக்காது. என் தம்பி இப்போது இதே பள்ளியில் படிக்கிறான். அவனுக்கு நான் போட்டுக் கொடுத்தது இது.

திங்கள் முதல் வெள்ளி வரை:
காலை 5.30 – 7.00: உயிரியல், புதுப் பாடம்
மாலை 6.30 – 8.00: ஒருநாள் இயற்பியல், ஒருநாள் வேதியியல்
இரவு 8.30 – 9.30: பள்ளிப் பாடம், வீட்டுப்பாடம்
இரவு 9.30 – 10.00: புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்தி எழுதுவது
10.15-க்குத் தூக்கம்

சனி: 3 மணி நேரம், வாரத்தில் விட்டுப்போன பாடங்கள்
ஞாயிறு: மதியம் 2 – 5 மாதிரித் தேர்வு, மாலை 6 – 8 தப்பைத் திருத்துவது

வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். தண்ணீர் வருகிற நாளில் காலையில் அரை மணி நேரம் குறையும். குறையட்டும், அதற்குத்தான் சனிக்கிழமை. ஞாயிறு காலை முழுக்க ஓய்வு. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், துணி துவைக்கலாம், சும்மா இருக்கலாம். தூக்கம் ஏழு மணி நேரம். தூக்கத்தில் கை வைத்தால் மறுநாள் வகுப்பில் தலை ஆடும். அந்தப் பாடத்தை அப்புறம் வீட்டில் வந்து படிக்க வேண்டும். அது நஷ்டக் கணக்கு.

இந்த நேரத்தை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

படி 3: பாடங்களை எண்ணி, வாரத்தால் வகுங்கள்

தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் பாடத்திட்டம் இருக்கும். பள்ளியில் சொல்லி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷப் பாடங்களும் அதில் உண்டு. செல் சுழற்சி, சுவாசம், கழிவுநீக்கம், அலகுகள், இயக்கவியல், மோல் கணக்கு, வேதிச் சமநிலை எல்லாம் பிளஸ் ஒன்னில் படிப்பவை. மரபியல், சூழலியல், மின்னியல் எல்லாம் பிளஸ் டூவில். பிளஸ் ஒன்னை மறந்தவர்கள் ஒற்றைக் காலில் ஓடுகிறவர்கள். நான் ஓடிப் பார்த்தவள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். நன்றாகத் தெரிந்தால் டிக். பாதி தெரிந்தால் கோடு. தெரியாவிட்டால் வட்டம்.

ஜூலை முதல் டிசம்பர் வரை 26 வாரம். காலாண்டு, அரையாண்டு, தீபாவளி, காய்ச்சல் என்று 4 வாரம் கழியுங்கள். மீதி 22. வட்டமும் கோடும் எத்தனை என்று எண்ணி 22-ஆல் வகுத்தால் வாரத்துக்கு எத்தனை பாடம் என்று வரும். வருகிற எண் பயமுறுத்தினால், வட்டங்களில் எதை முதலில் எடுக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் அரைகுறையாகத் தொடுவதை விட முக்கால்வாசியை உறுதியாகப் படிப்பது மேல்.

ஜனவரியில் திருப்புதல். பிப்ரவரி, மார்ச் பொதுத்தேர்வுக்கு. அதை அலட்சியம் செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். ஒரு கதவு திறக்காவிட்டால் பக்கத்துக் கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா? பொதுத்தேர்வு முடிந்த பிறகு புதுப் பாடம் கூடாது. மாதிரித் தேர்வும் திருத்தமும் மட்டும்.

படி 4: மறதிக்கும் கட்டம் போடுங்கள்

எபிங்காஸ் என்று ஒரு ஜெர்மன் அறிஞர். அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று சோதித்து 1885-ல் புத்தகமாக எழுதினார். படித்த முதல் நாளிலேயே நிறைய மறந்துபோகிறது, அப்புறம் மறதியின் வேகம் குறைகிறது என்று கண்டார். ஆகவே மறப்பது உங்கள் குற்றம் இல்லை. மறக்கும் என்று தெரிந்தும் திருப்பாமல் இருப்பதுதான் குற்றம்.

நான் செய்தது: ஒரு பாடத்தை முடித்ததும் அதன் முதல் பக்கத்தில் நாலு தேதி எழுதுவேன். 1 நாள், 3 நாள், 7 நாள், 21 நாள் கழித்து. ஜூலை 1-ல் நாளமில்லாச் சுரப்பிகள் படித்தால், ஜூலை 2, 4, 8, 22. அந்தந்தத் தேதியில் பத்து நிமிடம் போதும்.

ஆனால் அந்தப் பத்து நிமிடம் மறுபடி வாசிக்கக் கூடாது. வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அது ஏமாற்று. புத்தகத்தை மூடி வைத்து, வெள்ளைத்தாளில் சுரப்பியின் பெயர், ஹார்மோன், வேலை, குறைந்தால் என்ன நோய் என்று எழுத வேண்டும். இன்சுலின் எந்த செல்லில் சுரக்கிறது, குளுக்ககான் எந்த செல்லில் சுரக்கிறது என்று எழுதும்போது பேனா நிற்கும். பேனா நிற்கிற இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். (பீட்டா செல் – இன்சுலின். ஆல்ஃபா செல் – குளுக்ககான். இதை நான் மூன்று தடவை மாற்றி எழுதியவள்!)

இயற்பியலுக்கு இதே விதி கையால் கணக்குப் போடுவது. விடையைக் கண்ணால் பார்த்து "ம்ம், புரியுது" என்று தலையாட்டினால் புண்ணியம் இல்லை.

படி 5: தப்பு நோட்டு

மாதிரித் தேர்வு எழுதி மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தால் அந்த மூன்று மணி நேரமும் தண்டம். ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். காரணம் நாலே நாலுதான்:

1. படிக்கவே இல்லை
2. படித்தேன், மறந்துவிட்டேன்
3. கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை
4. கணக்கில் அவசரம்

முதல் வகைக்கு மருந்து, அந்தப் பாடம் சனிக்கிழமை கட்டத்துக்குப் போவது. இரண்டாம் வகைக்கு, திருப்புதல் தேதி மறுபடி 1 நாளிலிருந்து தொடங்குவது. மூன்றாம் வகைதான் என்னிடம் அதிகம். "இவற்றுள் எது சரியல்ல?" என்று கேட்டிருப்பார்கள். நான் முதலில் கண்ணில் பட்ட சரியான வாக்கியத்துக்கு வட்டம் போட்டு வருவேன். அப்புறம் "அல்ல" என்ற சொல்லைப் பார்த்ததும் அடிக்கோடு போடப் பழகினேன். நாலாம் வகைக்கு, அலகை எழுதாமல் கணக்கைத் தொடாதீர்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 20 மீட்டர். இதை மாற்ற மறந்தால் மீதிக் கணக்கு முழுக்கச் சரியாகப் போட்டும் விடை தப்பு.

வாரா வாரம் ஞாயிறு இரவு இந்த நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த வார அட்டவணையை எழுதினேன். சார்ட் பேப்பர் கிடையாது. பழைய நோட்டின் ஒரு பக்கம். அடித்துத் திருத்தி, அம்புக்குறி போட்டு, பார்க்கவே சகிக்காது. ஆனால் அந்தந்த வாரம் எனக்கு என்ன தேவையோ அது அதில் இருந்தது.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு

வினாத்தாளைத் தமிழில் கேட்டு வாங்கலாம். அதில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதியானது என்பது விதி. ஆகவே கடைசிப் பக்கத்தில் ஒரு சொல் பட்டியல் வையுங்கள். உந்தம் – மொமென்டம், முடுக்கம் – ஆக்சிலரேஷன், சவ்வூடு பரவல் – ஆஸ்மாசிஸ், குன்றல் பகுப்பு – மியாஸிஸ். நாளைக்கு ஐந்து சொல் போதும். தமிழில் ஒரு கேள்வி குழப்பினால் ஆங்கில வரியில் அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்து விடலாம். நான் 2025 தேர்வில் இப்படித்தான் சில கேள்விகளில் தப்பித்தேன்.

மறக்கக் கூடாத காகிதங்கள்

அட்டவணையில் ஒருநாளைக் காகிதத்துக்கு ஒதுக்குங்கள். ஆதார், மதிப்பெண் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். திருத்தம் செய்ய நாளாகும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பல் மருத்துவத்துக்கும் உண்டு. அதில் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எனக்கு இடம் கிடைத்தது இதில்தான். நடுவில் ஊர் மாறி வந்தவர்கள் பழைய பள்ளியின் படிப்புச் சான்றை இந்த வருஷமே வாங்கி வையுங்கள்.

கடைசியாக ஒன்று

எனக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. ஆசைப்பட்டது அதற்குத்தான், மறைக்க மாட்டேன். ஆனால் முதல் தடவை ஆட்டத்திலேயே இல்லாதவள், இரண்டாம் தடவை கலந்தாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா, ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். அந்த ஒரு வருஷத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் என் மூளை இல்லை. அதே மூளைதான் முந்தின வருஷம் 231 வாங்கியது. என் வீட்டில், என் தெருவில், எனக்கு உண்மையிலேயே இருந்த நேரத்துக்கு அட்டவணை போட்டேன், அவ்வளவுதான். இல்லாத ஒரு நாளுக்கு அட்டவணை போட்டு, அது நடக்காதபோது "நான் லாயக்கில்லை" என்று என்னையே திட்டிக்கொண்ட அந்த முதல் வருஷம் உங்களுக்கு வேண்டாம்.

மார்க் குறைந்தால் வீட்டிலோ டீச்சரிடமோ வாயைத் திறந்து சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல முடியாத பாரமாக இருந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை. தேர்வு அடுத்த வருஷமும் வரும். நீங்கள் இருக்க வேண்டும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். முதல் வரியில், நாளைக் காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று நாளைக்கு எழுதுங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா

பின்குறிப்பு: இந்தத் தாளைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், கிழித்துக்கொண்டு போகக் கூடாது. பின்னால் நிற்கிறவர்களும் படிக்க வேண்டும்!